மணிச்சத்தை ஒளிகொண்டு நிறுக்கும் விதம்

கன்னியாகுமரி ஜில்லாவில் குளச்சலுக்குத் தென்கிழக்கே, வள்ளியாறு கடலோடு கலக்குமிடத்திற்கு அணித்தாக அமைந்த மணவாளக்குறிச்சி, கருமணலுக்குப் பேர்பெற்ற ஊர். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் இக்கரை மணலில் மோனசைட்டு என்னும் தாது கலந்திருப்பதைக் கண்டறிந்தார். அந்நாளில் காஸ் விளக்கின் வலைக்குத் தோரியம் இன்றியமையாத பொருளாக இருந்தமையால், மீன்வலையும் கயிற்றுநாரும் உலர்த்திய கரைக்கு அயல்நாட்டு வியாபாரிகள் தேடி வந்தனர். இக்காலத்தில் ஐ.ஆர்.இ.எல். என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் ஆலை அவ்வூரில் மணலைச் சலித்து இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், மோனசைட்டு முதலியவற்றைப் பிரித்தெடுத்து வருகின்றது.

மோனசைட்டு என்பது தோரியமும் அருமண் உலோகங்களும் பாஸ்பேட்டோடு கூடிய ஒரு தாது. நூறு பங்கு மோனசைட்டில் ஏறக்குறைய 27 பங்கு பாஸ்வரப் பென்டாக்சைடு உண்டு. குடியானவர்கள் மணிச்சத்து என்று வழங்குவதும் உர மூட்டையின்மேல் அச்சிடப்படுவதும் இப்பொருளே. சூப்பர் பாஸ்பேட்டு உரத்தில் நூற்றுக்கு 16 பங்குதான் இது இருக்கிறது. எனவே, உரத்தைக் காட்டிலும் அதிக மணிச்சத்துள்ள மணலைக் கடல் கொண்டுவந்து குவிக்கும் ஊரில் வயலுக்குச் சூப்பர் பாஸ்பேட்டு விலைகொடுத்து வாங்குவானேன் என்ற கேள்வி எழுவது இயல்பே.

கணக்கிட்டுப் பார்த்தால் கேள்வி இன்னும் வலுப்பெறுகின்றது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேல்மண்ணின் எடை 22.4 லட்சம் கிலோ என்று கொள்வது வழக்கம். அம்மண்ணில் நூற்றில் ஒரு பங்கு மோனசைட்டு கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அதனுள் அடங்கிய பாஸ்வரம் மட்டும் ஏறக்குறைய 2,600 கிலோ ஆகும். ஆனால் அதே நிலத்தில் நட்ட நெல், மணிச்சத்து இல்லாமல் வேர் சுருங்கித் தூர் குறைந்து நிற்கவும் கூடும். மோனசைட்டு நீரில் கரைவதில்லை. அதை உடைக்க வேண்டுமானால் நன்றாகப் பொடித்துச் சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைக்க வேண்டும். வயலில் நிற்கும் பயிருக்கு அத்தகைய அடுப்பும் கலனும் ஏது? பூட்டிய பத்தாயத்தில் நெல் நிறைந்திருந்தும் திறவுகோல் இல்லாத வீட்டில் உலை ஏறுவதில்லை.

ஆகவே, நிலத்தில் எவ்வளவு மணிச்சத்து இருக்கின்றது என்பதைவிட, பயிருக்குக் கிட்டக்கூடியது எவ்வளவு என்பதே குடியானவர் அறியவேண்டியது. மண் பரிசோதனைக்கூடம் இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணை விடையாகக் கூறுகின்றது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் தேதி இந்திய அரசாங்கம் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தினால் அவ்வெண் பல குடியானவர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது. அது எவ்விதம் பிறக்கின்றது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் தெரிந்துகொள்வது பெரும் பயன் தருவதாகும்.

மண்ணிலிருந்து கரைசல்

பரிசோதனைக்கூடத்தில் முதற்காரியம், பயிர் உறிஞ்சக்கூடிய பங்கை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பது. இதற்கு இரண்டு முறைகள் பெரும்பாலும் வழங்குகின்றன. 1945-ஆம் ஆண்டில் பிரே, கர்ட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட முறையில் அம்மோனியம் புளோரைடும் மிகவும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலில் மண் குலுக்கப்படுகின்றது. மேட்டுப்பாங்கான செம்மண், சரளைமண் போன்ற அமில நிலங்களுக்கு இது ஏற்றது. 1954-ஆம் ஆண்டில் ஓல்சன் முதலியோர் வெளியிட்ட முறையில் சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலில் மண் அரைமணி நேரம் குலுக்கப்படுகின்றது. இது நடுநிலையான மண்ணுக்கும் சுண்ணாம்புப்பாங்கான மண்ணுக்கும் பொருந்தும். இவ்விரண்டும் மோனசைட்டு போன்ற தாதுக்களை உடைப்பதில்லை. எளிதில் விடுபடும் மணிச்சத்தை மாத்திரமே ஈர்த்தெடுக்கும். வெவ்வேறு கரைசல் வெவ்வேறு அளவை எடுப்பதால், ஒரு முறையில் கண்ட எண்ணை மற்றொரு முறைக்கு ஏற்பட்ட வரம்போடு ஒப்பிடலாகாது.

வடிகட்டிய கரைசல் பச்சைத் தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். அதனுள் இருக்கும் பாஸ்வரம் கண்ணுக்குத் தெரியாது, தராசிலும் நிற்காது. அதில் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சிறிது ஆன்டிமனி உப்பும் சேர்த்தால் சில நிமிஷங்களில் நீலநிறம் தோன்றும். மர்பி, ரைலி என்னும் இருவர் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. பாஸ்வரம் மிகுந்தால் நீலம் கருக்கும், குறைந்தால் வெளுக்கும்.

ஒளி குறையும் கணக்கு

நிறத்தின் அழுத்தம் பொருளின் அளவைக் காட்டும் என்பது புதிய செய்தியன்று. ஒரு செம்பு நீரில் ஒரு துண்டு கருப்பட்டி கரைத்த பானகத்தையும், மூன்று துண்டு கரைத்த பானகத்தையும் வெயிலில் பிடித்துப் பார்க்கும் எவரும் எது கெட்டி, எது நீர்த்தது என்று சொல்லிவிடுவர். எத்தனை மடங்கு கெட்டி என்று சொல்லத்தான் கண்ணால் இயலாது. அதற்காகவே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்னும் ஒளிமானி ஏற்பட்டது.

இக்கருவி விளக்கொளியைப் பல நிறங்களாகப் பிரித்து, வேண்டிய ஒரு நிறத்தை மாத்திரம் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சதுரக் கண்ணாடிக் குழல் வழியாகச் செலுத்துகின்றது. குழலில் உள்ள கரைசல் ஒளியின் ஒரு பகுதியைக் கிரகித்துக்கொள்ள, எஞ்சியதை மறுபுறத்திலுள்ள ஒளியுணர் கருவி அளந்து சொல்லுகின்றது. நீலமாகத் தோன்றும் கரைசல் நீல ஒளியை வெளியே விட்டுச் செவ்வொளியையும் அதற்கு அப்பாற்பட்ட கண்ணுக்குப் புலனாகாத ஒளியையும் கிரகிப்பதனால், மணிச்சத்துக்கு 882 நானோமீட்டர் அலைநீளம் மிகவும் தகுந்தது. அவ்வளவு தூரம் எட்டாத கருவியுள்ள இடங்களில் 660 நானோமீட்டரிலும் அளப்பதுண்டு. எந்த அலைநீளமானாலும் முதலிலிருந்து முடிவுவரை அதுவே மாறாமல் இருத்தல் வேண்டும்.

ஒளி குறையும் விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு குழல் நூறு பங்கு ஒளியில் பாதியைக் கிரகித்து 50 பங்கை வெளிவிடுமானால், அதன் பின் வைத்த இரண்டாவது குழல் அந்த 50-இல் பாதியைக் கிரகித்து 25 பங்கை வெளிவிடும், மூன்றாவது 12.5 பங்கை விடும். பூகே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1729-இலும், லாம்பெர்ட் 1760-இலும் இவ்வொழுங்கை விளக்கினர். கரைசலின் செறிவுக்கும் இதுவே பொருந்தும் என்று பேர் என்னும் ஜெர்மானியர் 1852-இல் எடுத்துக்காட்டினார். வெளிவரும் ஒளி 50, 25, 12.5 என்று படிப்படியாகக் குறைவதை மடக்கைக் கணக்கில் எழுதினால் 0.30, 0.60, 0.90 என்று ஒரே அளவாக ஏறும். இந்த எண்ணுக்கு ஒளி கிரகிப்பு என்று பெயர். செறிவு இரட்டித்தால் கிரகிப்பும் இரட்டிக்கும் என்பதே இதன் சாரம்.

முத்திரை மரக்கால் போன்ற நியமக் கரைசல்

ஒளிமானி கிரகிப்பைத்தான் காட்டுமேயன்றி மணிச்சத்தின் எடையைத் தானாகக் காட்டாது. 0.24 என்று கருவி காட்டினால் அது எத்தனை மில்லிகிராம் என்பதை யார் சொல்வது? நெல் அளக்கும் மரக்காலைச் சர்க்கார் முத்திரை மரக்காலோடு ஒப்பிட்ட பிறகே களத்தில் இறக்குவது முறை. ஒப்பிடாத மரக்காலால் எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் அளவு பிழையே. அதுபோல, ஒளிமானிக்கும் எடை தெரிந்த கரைசலைக் காட்டி அளவு திருத்தம் செய்தல் வேண்டும். இதற்கு நியமக் கரைசல் என்று பெயர்.

பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டு என்னும் சுத்தமான உப்பை உலர்த்தி, 0.4393 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், அதில் மிகச் சரியாக 100 மில்லிகிராம் பாஸ்வரம் இருக்கும். இதில் 20 மில்லிலிட்டரை எடுத்து மறுபடியும் ஒரு லிட்டராக்கினால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 0, 0.5, 1, 2, 3, 4, 5 மில்லிலிட்டர் வீதம் ஏழு குடுவைகளில் எடுத்து, மண்ணைக் குலுக்கிய அதே கரைசலையும் நிறமூட்டும் மருந்தையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் 25 மில்லிலிட்டராக நிரப்ப வேண்டும். இவற்றின் செறிவு முறையே லிட்டருக்கு 0, 0.04, 0.08, 0.16, 0.24, 0.32, 0.40 மில்லிகிராம் ஆகும்.

நிறம் நிலைத்த பின் ஒவ்வொன்றின் கிரகிப்பையும் அளந்து, செறிவைக் கிடைக்கோட்டிலும் கிரகிப்பை நெடுங்கோட்டிலும் குறித்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். உதாரணமாக, 0.40 செறிவுக்கு 0.24 கிரகிப்பும் 0.08 செறிவுக்கு 0.048 கிரகிப்பும் வந்தால், கிரகிப்பை 0.6 ஆல் வகுத்தால் செறிவு வந்துவிடும். இக்கோடுதான் அந்தக் கருவியின் முத்திரை. ஒரு புள்ளி மாத்திரம் கோட்டை விட்டு விலகுமானால் அந்தக் குடுவையில் கைப்பிழை நேர்ந்ததென்றும், புள்ளிகள் யாவும் வளைந்து சென்றால் கரைசல் வரம்பு மீறிக் கெட்டியாயிற்று என்றும் அறிந்துகொள்ளலாம். மண்ணின் கரைசல் கடைசிப் புள்ளிக்கு மேலே நிற்குமானால், கோட்டை மனம்போல் நீட்டாமல், வடிநீரைக் குறைவாக எடுத்து மீண்டும் நிறமூட்டி அளப்பதே முறை.

வெற்றுக் குடுவையின் வேலை

ஏழு குடுவைகளில் முதலாவது, பாஸ்வரம் சிறிதும் சேர்க்காதது. அனுபவமில்லாதார் இதை வீண் என்று எண்ணுவர். உண்மையில் நிலத்தின் தீர்ப்பு பலமுறை இந்த வெற்றுக் குடுவையால்தான் நேராகின்றது. மருந்துகளில் அணுவளவு பாஸ்வரம் இருக்கலாம். ஓல்சன் முறையில் மண்ணின் பழுப்பு நிறத்தை நீக்கச் சேர்க்கும் கரித்தூளிலும் இருக்கலாம். சலவைத் தூளால் கழுவிய குடுவையில் அதன் பாஸ்பேட்டு ஒட்டியிருக்கலாம். இவையனைத்தும் நீலநிறம் காட்டி, நிலத்தில் இல்லாத வளத்தை இருப்பதுபோல் தோற்றுவிக்கும். மண் இல்லாமல், மற்றெல்லா மருந்தும் சேர்த்த வெற்றுக் கரைசலின் கிரகிப்பைக் கழித்தாலன்றி உண்மை தெரியாது.

இதனால் குடியானவருக்கு நேரக்கூடிய நஷ்டத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓல்சன் முறையில் 2.5 கிராம் மண்ணை 50 மில்லிலிட்டர் கரைசலில் குலுக்கி, வடிநீரில் 5 மில்லிலிட்டர் எடுத்து 25 மில்லிலிட்டராக்கினால், கண்ட செறிவை 224 ஆல் பெருக்க ஹெக்டேருக்கு எத்தனை கிலோ பாஸ்வரம் என்பது வரும். கிரகிப்பு 0.025 ஆனால் செறிவு 0.042, ஹெக்டேருக்கு ஏறக்குறைய 9 கிலோ. வெற்றுக் கரைசலின் 0.01 கிரகிப்பைக் கழிக்க மறந்தால், கருவியில் கண்ட 0.035 அப்படியே கணக்கில் ஏறி, ஹெக்டேருக்கு 13 கிலோ என்று அட்டையில் எழுதப்பட்டுவிடும். ஓல்சன் முறைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் வரம்பின்படி 11 கிலோவுக்குக் கீழ் குறைவு. 11 முதல் 22 வரை மத்திமம். 22-க்கு மேல் அதிகம். நூற்றில் ஒரு பங்கு கிரகிப்பு தவறியதால், குறைவான நிலம் மத்திம நிலமாகிவிட்டது.

மத்திய கால, நீண்ட கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து என்பது பொதுச் சிபாரிசு. மத்திமமான நிலத்திற்கு அதையே இட்டு, குறைவான நிலத்திற்குக் கால் பங்கு கூட்டி, அதிகமுள்ள நிலத்திற்குக் கால் பங்கு குறைப்பது வழக்கம். அதன்படி மேற்கூறிய நிலத்துக்கு 62.5 கிலோ மணிச்சத்து, அதாவது 390 கிலோ சூப்பர் பாஸ்பேட்டு வேண்டும். பிழையான அட்டையை நம்பியவர் 312 கிலோவோடு நிறுத்திவிடுவார். ஹெக்டேருக்கு ஒன்றரை மூட்டைக்கு மேற்பட்ட உரம் குறைந்து, கும்பப்பூ அறுவடையில் மகசூல் குறையும்போது விதையையும் மழையையும் பழிக்க நேரும். பிழை மறுபுறமாக நேர்ந்தாலோ, வேண்டாத உரத்துக்குப் பணம் விரயமாகும்.

கவனிக்கவேண்டிய பிற பிழைகள்

வள்ளியாற்றில் வெள்ளம் புரளும்போது கலங்கல் நீரினூடே அடிமணல் தெரிவதில்லை. கலங்கல், சாயமில்லாமலே ஒளியை மறிக்கும். ஆதலால் நன்றாக வடிகட்டாத கரைசலும் அதிக மணிச்சத்துள்ளதுபோல் பொய் கூறும். கண்ணாடிக் குழலின் முகத்தில் பட்ட விரல் ரேகையும், உள்ளே ஒட்டிய நீலக்கறையும், சிறு காற்றுக் குமிழியும் இவ்வாறே கெடுதி செய்யும். பிரே முறையில் புளோரைடு நிறம் உண்டாவதைத் தடுக்குமாதலால், போரிக் அமிலம் சேர்த்து அதை அடக்குவர். நியமக் கரைசல்களிலும் அதே புளோரைடும் அதே போரிக் அமிலமும் இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

காலையில் வரைந்த கோடு மாலைவரை செல்லுமென்று நம்பியிருத்தலும் ஆகாது. விளக்கு சூடேறினாலும் மருந்து பழையதானாலும் அளவு நழுவும். பத்துப் பதினைந்து மண்ணுக்கு ஒருமுறை ஒரு நியமக் கரைசலை மீண்டும் அளந்து பார்ப்பதும், அளவு தெரிந்த ஒரு மண்ணை ஒவ்வொரு நாளும் மற்ற மண்களோடு சேர்த்துப் பரிசோதிப்பதும் நல்ல கூடங்களின் இலட்சணம். கருவியின் அலைநீளம் சரிதானா என்பதை ஹோல்மியம் ஆக்சைடு கலந்த கண்ணாடியால் சோதிப்பர். அக்கண்ணாடி 536 நானோமீட்டர் முதலான குறிப்பிட்ட இடங்களில் ஒளியைக் கூர்மையாகக் கிரகிக்கும்.

நிலமுடையோர் செய்யவேண்டியவை

கருவி எவ்வளவு நுட்பமானதானாலும் அதனுள் போவது சில கிராம் மண்ணே. அது 22.4 லட்சம் கிலோவுக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருத்தலால், மண் எடுப்பதில் நேரும் தவறு மற்றெல்லாத் தவறுகளிலும் பெரிது. நெல்வயலில் அறுவடைக்குப் பின், உரமிடுமுன், வயலின் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழிவெட்டி, குழியின் பக்கச்சுவரிலிருந்து மேல் முதல் அடிவரை ஒரே கனமாக மண் சீவியெடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விலக்க வேண்டும். தென்னந்தோப்பில் 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியே எடுப்பது நலம்.

கடலோரத்தில் காற்று கொண்டுவந்த மணல் படிந்த பகுதியையும், உள்ளே களிப்பாங்கான வயலையும் ஒரே மாதிரியாகக் கலந்துவிடலாகாது. இரண்டும் வேறு நிலங்கள். எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, நான்காகப் பகுத்து எதிரெதிர் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவாகக் குறைத்து, சுத்தமான துணிப்பையில் கட்ட வேண்டும். பழைய உரச்சாக்கில் மண் கொண்டுபோவது பெருந்தவறு. சாக்கில் ஒட்டிய சூப்பர் பாஸ்பேட்டு ஒரு சிட்டிகை கலந்தாலும் வறண்ட நிலம் வளநிலமாகத் தோன்றும்.

சந்தேகமுடையோர், நன்றாகக் கலந்த ஒரே மண்ணை இரண்டு பைகளில் வெவ்வேறு அடையாளமிட்டு அனுப்பிப் பார்க்கலாம். இரண்டு எண்களும் நெருங்கி நின்றால் கூடத்தின் வேலை ஒரே சீராக நடப்பது தெரியும். மிகவும் விலகினால் மறு பரிசோதனை கேட்பது நியாயமே. அட்டையில் மணிச்சத்து எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதையும், எண் பாஸ்வரமாகக் கூறப்பட்டதா, உர மூட்டையில் உள்ளதுபோல் பென்டாக்சைடாகக் கூறப்பட்டதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். 10 கிலோ பாஸ்வரம் 22.9 கிலோ பென்டாக்சைடுக்குச் சமம். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் கணக்கு இருமடங்குக்கு மேல் தவறும். கிராம உத்தியோகஸ்தர்கள் தத்தம் கிராமத்து அட்டைகளை ஒருசேர வைத்துப் பார்த்து, அடுத்தடுத்த ஒரே தன்மையான வயல்களில் எண்கள் காரணமின்றி முரண்படுவதைக் கண்டால் விவசாய இலாகாவுக்குத் தெரிவித்தல் நன்மை தரும்.

மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணல் உலகச் சந்தையில் மதிப்புடையது. ஆயினும் அதன் மணிச்சத்து அருகிலுள்ள வயலுக்கு உதவாது. வயலுக்கு உதவுவது எவ்வளவு என்பதைத் தெளிந்த நீரின் நீலநிறம் சொல்லும். அந்த நீலத்தை முத்திரையிட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மாத்திரமே அதன் சொல் மெய்யாகும். கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையில் கிடைக்கும் சில நாட்களை மண் எடுப்பதற்கு ஒதுக்கி, அளவறிந்து உரமிடுவோருக்குப் பணமும் மிஞ்சும், பயிரும் செழிக்கும்.